பிரசவ அவசரத்துக்குப் புதுச் செவிலியரைத் திரைவழியே தயார்ப்படுத்துவது எப்படி?

ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். தீவை விட்டு வண்டி வெளியேற பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. சாயல்குடி, வாலிநோக்கம் பக்கமானாலும், தொண்டி, திருப்பாலைக்குடி பக்கமானாலும் ஆம்புலன்ஸ் ஓட வேண்டிய தூரம் கொஞ்சமில்லை. குழந்தை பிறந்தபின் தாய்க்கு உதிரம் நிற்கவில்லையென்றால், அந்தப் பயணம் முடியும்வரை அவள் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர். அவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவராக இருக்கலாம்.

அவருக்குப் பாடம் தெரியும். தேர்வில் எழுதித்தான் வந்திருக்கிறார். ஆனாலும் கை நின்றுபோகிறது. சிறிய நிலையங்களில் பெரும்பாலான பிரசவம் சுகப்பிரசவமாக முடிந்துவிடுவதால், வலிப்பையோ, குழந்தையின் தலை வந்தபின் தோள் வராமல் மாட்டிக்கொள்ளும் தோள் சிக்கலையோ அவர் கண்ணால் பார்க்கவே பல மாதம் ஆகலாம். பார்க்கும் முதல் தடவையே தனியாகச் சமாளிக்க வேண்டியும் வரலாம். ராமநாதபுரத்துக்கு வரவழைத்து நேரில் தரும் பயிற்சி அவசியம். ஆனால் அதற்காகப் பணி மாற்ற ஆள் தேட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் பெரிது, கற்றதும் சில வாரங்களில் மங்கத் தொடங்கும். இடைப்பட்ட மாதங்களை நிரப்பத்தான் வீடியோ அழைப்பில் நடத்தும் குறும்பயிற்சி. மூத்த ஸ்டாஃப் நர்ஸ், செவிலியர் கல்லூரி ஆசிரியர், வட்டார மருத்துவ அலுவலர் என யார் இதை நடத்துவதானாலும் கீழே உள்ளது உதவும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் துணிச்சல் வராது. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கையில் பொருள் இருக்க வேண்டும், செய்வதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கடிகாரம் ஓட வேண்டும். எதை முதலில் செய்வது, எந்த மருந்து எவ்வளவு, யாரை எப்போது கூப்பிடுவது, என்ன சொல்வது என்பதையெல்லாம் திரைவழியே நன்றாகப் பழக்கலாம். கர்ப்பப்பையை இரு கையாலும் அழுத்திப் பிடிப்பது, தோள் சிக்கும்போது குழந்தையின் பின்பக்கத்துக் கையை வெளியே எடுப்பது போன்றவற்றை நேரில்தான் பழக்க முடியும். திரையில் அவற்றின் வரிசையை மட்டும் சொல்லவையுங்கள். கை வேலையை அடுத்த நேர்ப்பயிற்சிக்குக் குறித்துவையுங்கள்.

ஆளும் பொருளும்

ஒரு அமர்வுக்கு நான்கு முதல் ஆறு செவிலியர் போதும். அதற்கு மேல் போனால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நடத்துபவருக்கு ஒரு துணை ஆள் கட்டாயம் வேண்டும். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் கேட்கப்படும்போது எண்ணைச் சொல்வதும், எந்த நிமிடத்தில் எது நடந்தது என்று எழுதுவதும் துணை ஆளின் வேலை. நடத்துபவரே இதையும் செய்யப்போனால் கவனிக்க வேண்டியதைத் தவறவிடுவார்.

நிலையத்தில் இருக்கும் ஆயாம்மாவையும் பயிற்சியில் உட்கார வையுங்கள். இரவில் செவிலியருக்குக் கிடைக்கும் முதல் உதவிக்கை அவருடையது. தாயின் காலை மடக்கிப் பிடிப்பதும், மணி பார்த்துச் சொல்வதும், 108-க்குப் போன் போடுவதும் அவர்தான். அவரை விட்டுவிட்டுச் செய்யும் ஒத்திகை, நிஜத்தில் இல்லாத ஒரு குழுவுக்கான ஒத்திகையாகிவிடும்.

நேரம் 45 நிமிடம். ஐந்து நிமிடம் விளக்கம், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஒத்திகை, இருபது நிமிடம் அலசல், மிச்ச நேரத்தில் தவறிய பகுதியை மட்டும் மறுபடி ஓட்டுவது. ஒரு அமர்வுக்கு ஒரு சிக்கல்தான். ஒரே நாளில் உதிரப்போக்கு, வலிப்பு, மூச்சு விடாத குழந்தை மூன்றையும் திணித்தால் எதுவும் கையில் நிற்காது. நடுவில் உண்மையான தாய் வலியோடு வந்தால் அமர்வு அந்த நொடியே முடிந்தது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு செல்போன் வேண்டும். ஒன்று முகத்துக்கு. மற்றது மேசைக்கு மேல் சாய்வாக, இரண்டு கையும் ஊசித் தட்டும் தெரியும்படி. முகம் மட்டும் தெரிந்தால் அவர் மருந்தை உண்மையிலேயே எடுத்தாரா, எடுத்ததாகச் சொன்னாரா என்பது தெரியாது. இணைய வேகம் குறைவான இடங்களுக்கு நோயாளி விவரத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அழைப்பில் நடத்துபவரின் வீடியோவை அணைத்துவிடலாம். செவிலியரின் கைதான் தெரிய வேண்டும். இணைப்பு அறுந்தால் சாதாரணப் போன் அழைப்பில் தொடர வேண்டும் என்று எண்ணையும் முன்பே கொடுத்துவிடுங்கள். அமர்வுக்கு முன் தனியாகப் படிக்க ‘சேஃப் டெலிவரி ஆப்’ இருக்கிறது. செல்போனில் இறக்கிவைத்துவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும்.

பொருளுக்குப் பெரிய செலவு வேண்டாம். இடுப்புக்கூட்டுக்கு அட்டைப் பெட்டியில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் துளை. கர்ப்பப்பைக்குப் பாதி ஊதிய பலூனைத் துணியில் சுற்றியது; தளர்ந்திருக்கும்போது எப்படி, இறுகும்போது எப்படி என்று தொட்டு உணர, நன்றாக ஊதிய இன்னொன்று. குழந்தைக்கு உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர் பொம்மை. அதன் வாயில் துளையிட்டு, குழாய் செருகி, குழாயின் மறுமுனையில் ஒரு கையுறையைக் காற்று போகாமல் கட்டி, நெஞ்சின் மேல் துணிக்கடியில் வையுங்கள். முகமூடி சரியாகப் பொருந்தினால் துணி எழும்பும், காற்று கசிந்தால் எழும்பாது. கேமராவில் இதைப் பார்க்க முடிவதுதான் இதன் பயன். மூச்சுப் பையும் 0, 1 அளவு முகமூடிகளும் பிரசவ அறையில் இருப்பவையே இருக்கட்டும். அதே சாக்கில் பையின் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். கடற்காற்று படும் ஊரில் டார்ச், லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) ஆகியவற்றின் பேட்டரி முனை பச்சை பூத்துப்போவது சகஜம். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் அவற்றை எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மருந்துக்குக் காலி ஆம்ப்யூல்களை, அதாவது ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பிகளை, சேகரித்து வைக்கலாம். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. பயிற்சி ஆம்ப்யூலோ, காலாவதியான மருந்தோ அவசரத் தட்டில் கலந்துவிட்டால், அடுத்த உதிரப்போக்கில் அதுதான் தாயின் உடம்புக்குள் போகும். எல்லாவற்றிலும் சிவப்பு மையால் ‘பயிற்சி’ என்று எழுதிய ஒட்டுத்தாள், தனி டப்பா, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணிக்கை. இந்த மூன்றில் ஒன்றைக்கூட விட்டுவிட வேண்டாம்.

முதலில் உதிரப்போக்கு

தொடங்க வேண்டியது இதில்தான். அடிக்கடி வருவது, வேகமாகக் கொல்வது, முதல் சில நிமிட வேலையால் பெரிதும் தடுக்கக்கூடியது.

ஒத்திகைக்கு முன் கண்ணைப் பழக்குங்கள். கண்பார்வையில் அளக்கும்போது கிட்டத்தட்ட எல்லாருமே குறைத்துத்தான் சொல்கிறார்கள்; இழப்பு கூடக் கூட, பிசகும் கூடும். அரை லிட்டர் தண்ணீரில் சிவப்புச் சாயமும் இரண்டு ஸ்பூன் சோளமாவும் கலந்து கொஞ்சம் கெட்டியாக்குங்கள். ஒரு நாப்கினில் 100 மி.லி. ஊற்றினால் எப்படி நனைகிறது என்று பார்க்கட்டும். தரையில் 50 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவியது தோராயமாக 500 மி.லி., 75 சென்டிமீட்டர் என்றால் 1,000, ஒரு மீட்டர் என்றால் 1,500. சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டால் மனதில் பதியும். தாய்க்குக் கீழே விரித்து, போகும் உதிரத்தைச் சேகரிக்கும் அளவுக் கோடு போட்ட பை இருந்தால் இன்னும் நல்லது. ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான ஈமோட்டிவ் ஆய்வில், இந்தப் பையால் சீக்கிரம் கண்டுபிடித்து, சிகிச்சைகளை ஒரே தொகுப்பாகத் தந்தபோது கடும் உதிரப்போக்கும் அதன் பின்விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. 500 மி.லி. ஆகட்டும் என்று காத்திருப்பதும் பழைய பழக்கம். 300 மி.லி. தாண்டி, நாடி 100-க்கு மேல் ஏறினாலோ இரத்த அழுத்தம் இறங்கினாலோ அப்போதே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டல்.

ஒத்திகை இப்படிப் போகலாம். உச்சிப்புளி பக்கத்திலிருந்து வந்த 24 வயதுத் தாய், இரண்டாவது பிரசவம், குழந்தை பிறந்து பத்து நிமிடம், நச்சுக்கொடி வந்துவிட்டது. “சிஸ்டர், துணியெல்லாம் நனைஞ்சிருச்சு” என்கிறார் ஆயாம்மா. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாடி எவ்வளவு என்று செவிலியர் கேட்டால் மட்டும் துணை ஆள் “104” என்பார். வயிற்றில் கை வைத்தேன் என்று செய்துகாட்டினால் மட்டும் “கர்ப்பப்பை மெத்தென்று இருக்கிறது” என்பார். கேட்காததைச் சொல்லிக்கொடுப்பது நடத்துபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. மௌனம் பத்து வினாடி நீண்டாலும் பொறுத்திருங்கள். அந்தப் பத்து வினாடியில்தான் அவர் யோசிக்கக் கற்றுக்கொள்கிறார்.

எதிர்பார்க்கும் செயல்கள்: சத்தமாக உதவிக்கு அழைப்பது, கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக்குவது, ஆக்ஸிடோசின் (கர்ப்பப்பையை இறுக்கும் மருந்து), டிரானெக்சாமிக் ஆசிட் (உறைந்த உதிரம் கரையாமல் காக்கும் மருந்து), சிரைவழித் திரவம், சிறுநீர்ப்பையைக் காலிசெய்வது, நச்சுக்கொடி முழுசாக வந்ததா, கிழிசல் உண்டா என்று பார்ப்பது. ஒன்று பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லாம் பதினைந்து நிமிடத்துக்குள் சேர்ந்தே நடக்க வேண்டும். அளவுகளை வாயால் சொல்லவையுங்கள். பிரசவம் ஆன ஒரு நிமிடத்துக்குள் தடுப்பாகத் தொடையில் போட்டிருக்க வேண்டியது ஆக்ஸிடோசின் 10 யூனிட். ஒரு ஆம்ப்யூலில் 5 யூனிட் என்றால் இரண்டு உடைக்க வேண்டும்; ஒன்றோடு நிறுத்திவிடுவது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. உதிரப்போக்குக்கு 20 யூனிட்டை 500 மி.லி. ரிங்கர் லாக்டேட் என்ற சிரைத் திரவத்தில் கலந்து நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு. ஆக்ஸிடோசினைச் சிரையில் நேராக வேகமாகத் தள்ளக் கூடாது, இரத்த அழுத்தம் சரியும். டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், அதாவது 500 மில்லிகிராம் ஆம்ப்யூல் இரண்டு, மொத்தம் 10 மி.லி. நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் பத்து நிமிடத்தில் மெதுவாக. பிரசவமாகி மூன்று மணி நேரம் தாண்டிவிட்டால் இது பயன்தராது. அதனால் “ராம்நாடு போய்ப் போட்டுக்கலாம்” என்று தள்ளிவைப்பது தப்பு. மருத்துவ அலுவலரிடம் போனிலேயே ஆணை வாங்குவதையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் அதிகமுள்ள தாய்க்கு, கர்ப்பப்பையை இறுக்கும் இன்னொரு மருந்தான மெத்தர்ஜின் கூடாது என்பதைச் சோதிக்க, ஒரு தடவை அழுத்தத்தை 150/100 என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டு நிமிடத்துக்குள் தேய்ப்பதும் ஆக்ஸிடோசினும் நடந்தால் கர்ப்பப்பை இறுகுகிறது என்று சொல்லலாம். ஐந்தாவது நிமிடம்வரை நடக்கவில்லையென்றால் நாடி 124, அழுத்தம் 90/60, கை கால் சில்லிட்டுவிட்டது. பயமுறுத்துவதற்காக யாரையும் ‘சாகடிக்க’ வேண்டாம். புதுச் செவிலியர் அந்த அமர்வில் தாய் இறந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போவார்.

பின்பு ஒருமுறை மின்சாரம் போனதாக வைத்து நடத்துங்கள். விளக்கை உண்மையிலேயே அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஆம்ப்யூல் உடைக்கட்டும். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. மின்சாரம் நீண்ட நேரம் வராவிட்டால் அதை எந்தப் பெட்டியில், எந்த ஐஸ் பேக்கோடு வைப்பது, யார் வைப்பது என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையும் புயலும் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. இந்த அமர்வைச் செப்டம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது.

வாய்ப்பேச்சும் பயிற்சிதான்

பயிற்சியை ஆங்கிலச் சொற்களால் நடத்திவிட்டு, இரவில் ஆயாம்மாவிடம் பேசும்போது செவிலியர் வார்த்தை தேடக் கூடாது. எந்தப் பேச்சில் வேலை நடக்குமோ அதே பேச்சில் ஒத்திகை. “யாராவது மருந்து எடுங்க” என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். “ஆயாம்மா, பிரிட்ஜ்ல இருந்து ஆக்ஸிடோசின் ரெண்டு எடுத்துட்டு வாங்க.” “ரெண்டு ஆக்ஸிடோசின், இந்தாங்க சிஸ்டர்.” ஆளைச் சொல்லி, அளவைச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். போட்ட நேரத்தையும் சத்தமாகச் சொல்லட்டும்: “10 யூனிட் போட்டாச்சு, மணி 2:14.”

மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் பேச்சு அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். “வணக்கம் மேடம், ஆரம்ப சுகாதார நிலையத்தில இருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 24 வயசு, ரெண்டாவது பிரசவம், 2 மணிக்குக் குழந்தை பிறந்துச்சு. 700 மி.லி. உதிரம் போயிருக்கு, பல்ஸ் 124, பிபி 90/60. ஆக்ஸிடோசின் 20 யூனிட் ஓடுது, டிரானெக்சாமிக் ஒரு கிராம் போட்டாச்சு, கர்ப்பப்பை இன்னும் தளர்வாத்தான் இருக்கு. ஆம்புலன்ஸ் ஏத்துறோம். ரத்தம் ரெடியா வைங்க மேடம்.” இதை எழுதிப் படிக்க விடாமல் பேசவையுங்கள். தயங்கித் தயங்கி ஆரம்பித்து, கடைசியில்தான் உதிரப்போக்கைச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். பிரச்சினை மூன்றாவது வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும்.

உறவினரிடம் பேசுவதற்கும் ஒரு இடம் ஒதுக்குங்கள். கணவர் கடலுக்குப் போயிருப்பார், போன் எடுக்காது. மாமியாரோ அக்காவோதான் வாசலில் நிற்பார். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து இஸ்லாமியக் குடும்பமானால், அக்காவை அவர்கள் அழைக்கும் சொல்லிலேயே “லாத்தா, தங்கச்சிக்கு உதிரம் கூடப் போகுது, மருந்து போட்டிருக்கோம், ராம்நாடு கூட்டிட்டுப் போறோம், நீங்க கூட வாங்க” என்ற இரண்டு வரி போதும். நடத்துபவரில் ஒருவர் மாமியாராக நடித்து, அழுது, குறுக்கே கேள்வி கேட்கட்டும்.

வலிப்பு

கர்ப்பகால இரத்த அழுத்தத்தால் வலிப்பு வந்தால், அதை அடக்கும் மருந்தான மெக்னீசியம் சல்பேட்டின் முதல் தவணையை ஏற்றிவிட்டுத்தான் தாயை வண்டியில் ஏற்ற வேண்டும். 50 சதவீத ஆம்ப்யூல் ஒன்றில் 2 மி.லி., 1 கிராம். இரு புட்டத்திலும் தசைக்குள் ஆழமாக 5 கிராம் வீதம், மொத்தம் 10 கிராம். அதாவது பத்து ஆம்ப்யூல். பத்தையும் உடைத்து இரண்டு 10 மி.லி. சிரிஞ்சில் ஏற்ற ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தைப் பார்த்ததுமே, உடைப்பது ஒருவர், ஏற்றுவது ஒருவர் என்று தாங்களாகவே பிரித்துக்கொள்வார்கள். லேபிளில் சதவீதத்தைப் படித்துச் சொன்னபிறகே உடைக்க வேண்டும். மெக்னீசியம் அளவுமீறினால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. தட்டில் இல்லையென்றால் ஒத்திகையை அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த தவணைக்கு முன் மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்கால் அனிச்சை இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி. வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், தாயை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சுவழியைக் காப்பது. உறவினர் இரும்புச் சாவியைக் கையில் திணிக்க வருவார்கள், பல்லுக்கிடையே ஸ்பூன் வைக்கப் பார்ப்பார்கள். சாவியைப் பற்றி அந்த நேரத்தில் வாதாட வேண்டியதில்லை. வாயில் எதையும் வைக்க விடக் கூடாது. “வாய்ல ஒண்ணும் வைக்காதீங்கம்மா, மூச்சு அடைச்சிரும். இந்தப் பக்கம் தலையைப் பிடிச்சுக்குங்க” என்று அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அடங்குவார்.

அழாத குழந்தை

ஒரு நிமிடம்தான் கணக்கு. துடைப்பது, ஈரத்துணியை மாற்றுவது, முதுகைத் தேய்ப்பது. வாயில் அடைப்பு தெரிந்தால் முதலில் வாய், பிறகு மூக்கு. அப்படியும் மூச்சில்லையென்றால் கொடியை வெட்டி, கழுத்தை லேசாக நிமிர்த்தி, நிமிடம் முடியுமுன் பையால் மூச்சு கொடுக்க ஆரம்பித்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. “பிழி, ரெண்டு, மூணு” என்று சொல்லிக்கொண்டே பிழியவையுங்கள். பதற்றத்தில் எண்ணிக்கை 80, 90 என்று ஓடும். அப்படி ஓடினால் காற்று உள்ளே போக நேரமிருக்காது. வீடியோ தாமதமாக வந்தாலும் எண்ணும் குரலின் வேகம் காதுக்குத் தெளிவாகத் தெரியும், அதைக் கவனியுங்கள். நெஞ்சு எழவில்லையா? முகமூடியைத் திரும்பப் பொருத்து, தலை நிலையைச் சரிசெய், வாயைத் துடைத்துத் திற, கொஞ்சம் அழுத்திப் பிழி. இந்த வரிசை தூக்கத்திலும் வர வேண்டும். கழுத்தை அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ப்பதுதான் கேமராவில் அதிகம் பிடிபடும் பிழை. பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால்தான் அது தெரியும்.

தோள் சிக்கலுக்குத் திரையில் பழக்க வேண்டியவை நான்கு. தலை வந்த நேரத்தைச் சத்தமாகச் சொல்வது. தாயின் இரு தொடையையும் வயிற்றோடு மடக்குவது. பூப்பெலும்புக்கு (அடிவயிற்றின் கீழ் முனையில் உள்ள எலும்பு) சற்று மேலே அழுத்துவது. மேல்வயிற்றை அமுக்க வருபவரைத் தடுப்பது. குழந்தைக்கு முன்பே தொப்புள்கொடி வெளியே விழுந்தால், வண்டி வரும்வரை முழங்காலும் மார்பும் படுக்கையில் படும்படி தாயைக் குப்புற மாற்றி, வண்டியில் இடுப்புக்கடியில் தலையணை வைத்து இடப்பக்கம் ஒருக்களிக்கவைத்து, விரலால் குழந்தையின் தலையை மேலே தள்ளிப் பிடித்தபடியே போக வேண்டும்; கையை எடுக்கக் கூடாது, கொடியைத் தொட்டு அளையவும் கூடாது.

அலசல், அளவு, அடுத்த தேதி

அலசலில் நடத்துபவர் பேசுவது பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டு ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு துணை ஆள் எழுதிய நேரக்குறிப்பை வாசியுங்கள்: உதவிக்குக் கூப்பிட்டது எத்தனையாவது வினாடி, ஆக்ஸிடோசின் எத்தனையாவது நிமிடம். எண்ணைக் காட்டினால் திட்டத் தேவையிருக்காது. தவறுக்குக் காரணம் பெரும்பாலும் ஆளிடம் இருக்காது. மருந்து பூட்டிய அலமாரியில் இருந்திருக்கும், சாவி வேறொருவரிடம் இருந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து மாற்றினால் அந்த நிலையத்தில் எல்லாருக்கும் பயன். ஒவ்வொருவரும் மாற்றிக்கொள்ளப்போவதை ஒரே ஒரு வரியில் சொல்லி முடிக்கட்டும். பதிவான வீடியோவை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடக் கூடாது. போட்டது தெரிந்தால் அடுத்த முறை யாரும் தவறு செய்யத் துணிய மாட்டார்கள்; தவறே வராத ஒத்திகையில் கற்க ஒன்றும் இருக்காது.

தன்னம்பிக்கையை அளக்க, ஒவ்வொரு திறனுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை தாங்களே மதிப்பெண் போடச் சொல்லுங்கள், அமர்வுக்கு முன்னும் பின்னும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். திரைப்பயிற்சியில் இந்த மதிப்பெண் சட்டென்று ஏறும், கை அவ்வளவு வேகமாக ஏறாது. பக்கத்திலேயே நேரக்குறிப்பையும் வையுங்கள். ஐந்து போட்டுக்கொண்டு ஆக்ஸிடோசினை ஆறாவது நிமிடத்தில் கொடுப்பவருக்குத்தான் உடனடியாக உதவி வேண்டும். இரண்டு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்பவரிடம் அவருடைய நேரக்குறிப்பையே காட்டுங்கள். அவருக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறு கிடையாது.

முதல் மாதத்தில் ஒரே உதிரப்போக்கு ஒத்திகையை மூன்று முறை நடத்துங்கள்: முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம். அதன்பின் மாதம் ஒரு சிக்கல். பழகிய சிக்கல்களுக்கு இருபது நிமிட மறுஓட்டம். நிலையத்தில் உண்மையிலேயே ஒரு அவசரம் வந்துபோனால், தாயின் பெயரும் ஊரும் இல்லாமல், அதே நேரக்குறிப்புத் தாளில் அந்த வாரத்துக்குள்ளேயே அலசிவிடுங்கள். ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் பயிற்சி ஆம்ப்யூல்களை எண்ணி டப்பாவில் பூட்டி, மூச்சுப்பையைச் சுத்தம்செய்து பழைய இடத்தில் வைத்து, அவசரத் தட்டை ஒருமுறை சரிபார்த்து, அடுத்த தேதியைப் பணிப்பட்டியலிலேயே எழுதிவிட்டுத்தான் அழைப்பைத் துண்டிக்க வேண்டும்.